கணவனும் மனைவியும் ஒரே பந்தியில்



ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வீடு திரும்பிய பின் உங்கள் அடுக்களையில் நடப்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். பையில் மீன் வந்து இறங்குகிறது. வீட்டுத்தலைவி அதைச் செதில் உரசி, உப்பும் மஞ்சளும் போட்டு அலசி, புளி கரைத்து, குழம்பு கூட்டி, நாலு துண்டை வறுவலுக்கு எடுத்து வைக்கிறாள். பிறகு பந்தி. நடுத்துண்டு வீட்டுக்காரருக்கு, முள் எடுத்த துண்டு பிள்ளைக்கு, மிருதுவான துண்டு மாமியாருக்கு. எல்லோரும் கை கழுவிவிட்டு எழுந்த பிறகு, சட்டியின் அடியில் கிடக்கும் வால் துண்டையும் ஒட்டியிருக்கும் மசாலாவையும் சோற்றில் போட்டுப் பிசைந்து, அவள் தனியாகச் சாப்பிடுகிறாள். அந்த நேரத்திலும் யாராவது தண்ணீர் கேட்டால் எச்சில் கையோடு எழுந்திருக்கிறாள்.

இதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. அவளும் நினைப்பதில்லை. திருச்சிராப்பள்ளியானாலும் சீரங்கமானாலும் நம் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் வழக்கம். ஆனால் மெய்விவாகம் என்னும் தேவதிரவிய அநுமானத்தைப் பெற்றிருக்கும் உங்களை இன்று ஒரு கேள்வி கேட்கிறேன். கணவனும் மனைவியுமாகிய நீங்கள் இருவர் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே நேரத்தில், அவசரமில்லாமல் சாப்பிட்டது கடைசியாக எப்போது? சிலர் விரல் விட்டு எண்ணிப் பார்ப்பீர்கள். சிலருக்குக் கலியாணத்தன்று பாலும் பழமும் கொடுத்த ஞாபகம்தான் வரும்.

ஆகையால் இவ்வாரம் நான் சொல்ல வந்தது மிகவும் எளிய காரியம். மாதத்தில் ஒரு மாலை கணவனும் மனைவியும் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, பக்கத்திலுள்ள ஒரு மீன் சாப்பாட்டுக் கடைக்குப் போங்கள். அங்கே மனைவி உட்காரட்டும். அவளுக்கு வேறொருவர் பரிமாறட்டும். அவளுக்குப் பிடித்த மீனை அவளே சொல்லி வரவழைக்கட்டும். கணவன் எதிரே இருந்து அவளோடு சாப்பிட்டு, அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கட்டும். அவ்வளவுதான்.

“சாமியார் பிரசங்கத்தில் ஓட்டல் சாப்பாடு எங்கிருந்து வந்தது?” என்று நீங்கள் கேட்கலாம். ஞானக் காரியம் இதில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

மூன்று ஓலை வாசித்து, தாலி மந்திரித்து, கோவில் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டவுடன் மெய்விவாகம் முடிந்துவிட்டதென்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது தவறான எண்ணம். பாப்பரசர் 11-ம் பத்திநாதர் 1930-ம் ஆண்டில் விவாகத்தைப் பற்றி “காஸ்தி கொன்னூபி” என்னும் நிருபத்தை எழுதினார். அதில் அவர் அர்ச். இராபர்ட் பெல்லார்மினுடைய போதகம் ஒன்றை எடுத்துக் காட்டுகிறார். தேவநற்கருணையானது பூசையில் எழுந்தேற்றம் செய்யப்படும் வேளையில் மட்டுமல்ல, பேழையில் வைக்கப்பட்டிருக்கும் காலமெல்லாம் தேவதிரவிய அநுமானமாகவே இருக்கிறது. விவாகமும் அப்படியே. தம்பதிகள் இருவரும் உயிரோடிருக்கும் வரையில் அவர்களுடைய ஐக்கியம் தேவதிரவிய அநுமானமாகவே இருக்கிறது. இது அந்தப் பரிசுத்தவானுடைய போதகம்.

இதன் பொருளை நன்றாக யோசியுங்கள். பீடத்தருகே பேழைக்கு முன் விளக்கு எரிகிறது. அந்த விளக்கில் எண்ணெய் வற்றினால் கோவிற்பிள்ளை ஓடி வந்து ஊற்றுகிறார். உங்கள் வீட்டிலும் ஒரு தேவதிரவிய அநுமானம் நிலைத்திருக்கிறது. அதன் முன் எரிய வேண்டிய விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது யார்? அதைச் செய்ய வேண்டியவர்கள் நீங்கள் இருவருமே. மெய்விவாகத்தை ஒருவருக்கொருவர் நிறைவேற்றிக் கொண்டவர்கள் நீங்கள்தான். குரு திருச்சபையின் பேரால் சாட்சியாக நின்றவர். ஆகவே அதைப் பேணிக் காப்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

2025-ம் ஆண்டில் ஆண்டவருக்குள் நித்திரையடைந்த பாப்பரசர் பிரான்சிஸ், 2016-ம் ஆண்டில் “அன்பின் மகிழ்ச்சி” என்னும் திருமடலைத் தந்தார். தம்பதிகள் காலையில் முத்தமிட்டுக் கொள்வதையும், இரவில் ஒருவரையொருவர் ஆசீர்வதிப்பதையும், வெளியே போனவர் திரும்பும்போது காத்திருந்து வரவேற்பதையும், வீட்டு வேலைகளைப் பங்கிட்டுக் கொள்வதையும், சேர்ந்து பிரயாணம் செய்வதையும் அதில் அவர் புத்திமதியாகச் சொல்கிறார். அன்றாட வழக்கத்தைச் சில வேளைகளில் நிறுத்தி ஒரு கொண்டாட்டம் வைப்பதும் நல்லது என்கிறார். உலக முழுவதற்கும் மேய்ப்பராயிருந்தவர் இவ்வளவு சின்னக் காரியங்களை எழுத வேண்டிய அவசியமென்ன? பெரிய விரிசல்கள் சின்னக் காரியங்களில்தான் தொடங்குகின்றன என்பதை அவர் அறிந்திருந்தார்.

நம் காவிரியைப் பாருங்கள். முக்கொம்பு வரையில் ஒரே ஆறு. அங்கே காவிரி ஒரு பக்கமும் கொள்ளிடம் ஒரு பக்கமுமாகப் பிரிந்து, நடுவே சீரங்கத்தைத் தீவாக்கிவிடுகின்றன. பிரிகிற இடத்தில் பெரிய சத்தம் ஒன்றும் கேட்பதில்லை. இல்லறத்திலும் அப்படித்தான். சண்டை போட்டுப் பிரிகிறவர்கள் சிலர். பேச ஒன்றுமில்லாமல், ஒரே கூரையின் கீழ் இரண்டு ஆறாகப் போய்விடுகிறவர்கள் அவர்களைவிட அதிகம்.

வேறொரு பங்கில் நான் உதவிக் குருவாயிருந்த காலத்தில் ஒரு தம்பதி தங்கள் விவாகத்தின் 25-ம் ஆண்டு நன்றிப் பூசைக்கு நாள் குறிக்க வந்தார்கள். கண்ணியமான குடும்பம், பூசைக்குத் தவறாதவர்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். பேச்சுவாக்கில் அந்த மனிதரிடம், “உங்கள் மனைவிக்கு எந்த மீன் பிடிக்கும்?” என்று விளையாட்டாகக் கேட்டேன். “அவளுக்கென்ன சாமி, எது வைத்தாலும் சாப்பிடுவாள்” என்றார். அந்த அம்மாள் தலையைக் குனிந்து கொண்டார்கள். சற்று நேரம் கழித்து, “எனக்கு மத்தி மீன் பிடிக்கும் சாமி. எங்கள் அம்மா வைப்பார்கள். இந்த வீட்டில் யாருக்கும் அது பிடிக்காது, அதனால் வாங்குவதில்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை” என்றார்கள். அவர்கள் குரலில் கோபமில்லை. ஆனால் அந்த மனிதருடைய முகம் வாடிவிட்டது. 25 வருடம் தன் பக்கத்தில் இருந்தவளுடைய நாக்கின் ருசியே தனக்குத் தெரியவில்லையென்றால், அவளுடைய மனத்தில் தெரியாமல் கிடப்பது எவ்வளவோ என்று அவர் அப்போதுதான் நினைத்திருக்க வேண்டும்.

பிரியமானவர்களே, வேதாகமத்தில் மீனும் விவாகமும் சேர்ந்து வருகிற சரித்திரம் ஒன்றுண்டு. அது தோபியாஸ் ஆகமம். நினிவே பட்டணத்தில் தோபித்து என்னும் நீதிமான் கண்பார்வையை இழந்து வீட்டில் கிடந்தார். அவருடைய மனைவி அன்னாள் கூலிக்கு நெசவு நெய்து குடும்பத்தைக் காப்பாற்றினாள். ஒருநாள் அவளுடைய வேலை திருப்தியாயிருந்ததென்று கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியையும் இனாமாகக் கொடுத்தார்கள். குட்டி கத்துகிற சத்தம் கேட்டுத் தோபித்து, “இது திருட்டு ஆடு, திருப்பிக் கொடுத்துவிடு” என்று அவள்மேல் சந்தேகப்பட்டார். அவள் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. உழைத்துக் களைத்து வந்தவளுக்கு அந்த வார்த்தை எப்படியிருந்திருக்கும்? “உம்முடைய தர்மமெல்லாம் எங்கே போயிற்று?” என்று அவளும் சுருக்கென்று கேட்டுவிட்டாள். தோபித்து மனமுடைந்து, சாவைக் கேட்டு அழுது செபித்தார். வேலைக்குப் போகிற மனைவியும் வீட்டிலிருக்கிற கணவனும் வார்த்தையால் ஒருவரையொருவர் குத்திக்கொள்வது இன்று நேற்று வந்ததல்ல, பார்த்தீர்களா?

அதே நாளில் தூரதேசத்தில் சாராள் என்னும் பெண்ணும் அழுது செபித்தாள். அவளுக்கு ஏழு முறை விவாகமாகி, ஏழு கணவரையும் பசாசு முதல் இரவிலேயே கொன்றிருந்தது. இரண்டு வீட்டுக் கண்ணீரும் ஒரே வேளையில் சர்வேசுரனுடைய சந்நிதியை எட்டின. அவர் இரபேல் சம்மனசை அனுப்பினார்.

பிறகு நடந்ததை அறிவீர்கள். தோபித்துவின் மகன் தோபியாஸ் பிரயாணம் புறப்பட்டான். திக்ரிஸ் நதியில் ஒரு பெரிய மீன் அவன்மேல் பாய்ந்தது. சம்மனசு சொன்னபடி அதைப் பிடித்துக் கரையில் இழுத்துப் போட்டு, ஈரலையும் இருதயத்தையும் பித்தையும் பத்திரப்படுத்திக் கொண்டான். மீதியில் கொஞ்சத்தைச் சுட்டுச் சாப்பிட்டான். கொஞ்சத்தை உப்பிட்டு வைத்துக் கொண்டான். ஆம், வழிக்குக் கருவாடு கட்டிக் கொண்டு போனவர்கள் நம் ஊர்க்காரர்கள் மட்டுமல்ல. அந்த மீனின் ஈரலும் இருதயமும் புகைந்தபோது சாராளைப் பிடித்திருந்த பசாசு ஓடிப் போயிற்று. ஊர் திரும்பியதும் அதன் பித்தைத் தகப்பனுடைய கண்களில் பூசினான். தோபித்துக்குப் பார்வை திரும்பியது. ஒரே மீன் இளந்தம்பதியின் இல்லறத்தையும் காத்தது, முதிய தம்பதியின் இல்லறத்துக்கும் வெளிச்சம் தந்தது.

ஓட்டல் மீனுக்கு இந்த வல்லமை இருக்கிறதென்று நான் சொல்லவில்லை. குணமாக்கியது மீனல்ல, சர்வேசுரன். ஆனால் அவர் தமது கிருபைக்குக் கருவியாக ஆற்று மீனை எடுத்துக் கொண்டார். சாதாரண சாப்பாட்டுப் பொருள் ஒன்று இல்லறத்தைக் குணமாக்கும் கருவியாகலாம் என்பதை இதிலிருந்து கற்றுக் கொள்கிறோம். கண் மறைந்திருப்பது தோபித்துக்கு மட்டுமல்ல. தினமும் பார்க்கிற மனைவியை, தினமும் பார்க்கிற கணவனை, பார்த்தும் பாராமலிருக்கிற நம் கண்களிலிருந்தும் அந்தத் திரை விழ வேண்டும்.

இன்னொரு மீன் சாப்பாடு அர்ச். அருளப்பர் சுவிசேஷத்தின் 21-ம் அதிகாரத்தில் இருக்கிறது. உத்தானமான ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் நிற்கிறார். இராயப்பர் முதலிய ஏழு சீடர்கள் இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் அகப்படாமல், பிறகு ஆண்டவர் சொன்ன பக்கத்தில் வீசி 153 பெரிய மீன்களைப் பிடித்தார்கள். அவர்கள் கரையேறியபோது கரி நெருப்பு மூட்டியிருந்தது. அதன்மேல் மீனும், பக்கத்தில் அப்பமும் இருந்தன. ஆண்டவர் அவர்களைச் சாப்பிட அழைத்தார், தாமே பரிமாறினார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சில நாட்களுக்கு முன் இதேபோல ஒரு கரி நெருப்பருகே நின்றுகொண்டுதான் இராயப்பர் ஆண்டவரை அறியேனென்று மூன்று முறை மறுதலித்தார். அதைப் பற்றிக் கேட்க ஆண்டவருக்கு நியாயம் இருந்தது. ஆனால் இராயப்பர் நனைந்த துணியோடு கரையேறியவுடன், “நீ ஏன் என்னை மறுதலித்தாய்?” என்று அவர் கேட்கவில்லை. முதலில் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டு முடிந்த பிறகே பேச்சை எடுத்தார். அப்போதும் பழைய குற்றத்தைச் சொல்லிக் காட்டாமல், தம்மை நேசிக்கிறானா என்று மட்டும் மூன்று முறை கேட்டார். முதலில் சோறு, பிறகு வழக்கு. அந்த வழக்கும் நேசத்தைப் பற்றிய வழக்கு. இல்லறத்தாருக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? நாமோ வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றுமுன் மின்சாரக் கட்டணத்தைப் பற்றிக் கேட்கிறோம். மனைவி உலையிலிருந்து திரும்புமுன் நாத்தனார் பேச்சை எடுக்கிறோம். பசித்த வயிற்றில் விழுகிற வார்த்தை வெந்த புண்ணில் வேலாகிறது.

இனி உங்களுடைய ஆட்சேபங்களுக்கு வருகிறேன்.

முதலாவது, பணம். மாதச் சம்பளத்தில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக என்ன மிஞ்சும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கடன் வாங்கி விருந்து சாப்பிடச் சொல்லவில்லை. வஞ்சிரமும் இறாலும் வேண்டுமென்றும் சொல்லவில்லை. ஒரு தட்டு நெத்திலி வறுவல் போதும். அதுவும் முடியாதென்றால் முக்கொம்புக்குப் பேருந்தில் போங்கள். ஆர்தர் காட்டன் 1836-ம் ஆண்டில் கட்டிய மேலணைப் பக்கத்தில் ஆற்று மீனைக் கண்ணெதிரே பொரித்துக் கொடுப்பார்கள். இரண்டு துண்டு ஜிலேபி மீனை வாழையிலையில் வாங்கிக் கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தாலும் அது விருந்துதான். மேலும், ஆண்களை ஒன்று கேட்கிறேன். சிநேகிதரோடு டீக்கும் பரோட்டாவுக்கும் வாரத்தில் செலவாகிற பணத்துக்கு நீங்கள் கணக்குப் பார்ப்பதுண்டா? மனைவிக்கென்று வரும்போது மட்டும் ஏன் கணக்கு நோட்டு வெளியே வருகிறது? மதுக்கடையில் போகிற பணத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதை நிறுத்தினால் உங்கள் மனைவி மாதத்தில் ஒருமுறையல்ல, பல முறை உங்களோடு நிம்மதியாகச் சாப்பிடலாம்.

இரண்டாவது, பெரியவர்கள். “வீட்டில் நாங்கள் இருக்கும்போது இவர்கள் இரண்டு பேர் மட்டும் ஓட்டலுக்குப் போவது என்ன நாகரிகம்?” என்று சில மாமனார் மாமியார் முகம் சுளிக்கலாம். பெரியவர்களே, ஆதியாகமத்தில் சர்வேசுரன் விதித்ததை நினைத்துக் கொள்ளுங்கள். தாய் தகப்பனை விட்டு மனைவியோடு இசைந்திருக்கும்படி ஏற்படுத்தியவர் அவரே. அந்த ஒரு மாலை பேரப் பிள்ளைகளை உங்களிடம் வைத்துக் கொண்டு, “நீங்கள் போய் வாருங்கள்” என்று வாய் நிறையச் சொல்லி அனுப்புங்கள். அது மருமகளுக்கு நீங்கள் செய்கிற பெரிய தர்மம். திரும்பி வருகிறவர்களும் அவர்களை மறவாமல், நாலு துண்டு வறுவல் பொட்டலம் கட்டிக் கொண்டு வாருங்கள். வீட்டில் மனத்தாங்கல் இராது.

மூன்றாவது, “வீட்டுக்கே வரவழைத்தால் போதாதா? கைப்பேசியில் சொன்னால் அரை மணியில் வந்துவிடுகிறதே” என்பார்கள். சாப்பாடு வரும். ஆனால் அதைப் பிரித்து வைப்பதும், தட்டு எடுப்பதும், பிறகு கழுவுவதும் யார்? மறுபடியும் அவளே. மாதத்தில் ஒரு நாளாவது அவள் எழுந்திருக்க வேண்டாத இடத்தில் உட்காரட்டும்.

சீரங்கத்துக் கோவிலைச் சுற்றியுள்ள வீதிகளில் குடியிருக்கும் நம் குடும்பத்தினருக்கு ஒரு வார்த்தை. உங்கள் அயலார் பலர் மரக்கறி உண்பவர்கள்; அவர்களோடு நீங்கள் நல்லிணக்கமாய் வாழ்கிறீர்கள். அந்த மரியாதையைக் காத்துக் கொள்ளுங்கள். மீன் வேண்டுமென்றால் காவிரிப் பாலத்தைத் தாண்டி வாருங்கள். பாலத்தில் மாலைக் காற்று வாங்கிக் கொண்டு இருவரும் வருகிற அந்த வழியே உங்களுக்குப் பாதி விருந்து.

சரி, கடைக்குப் போயாயிற்று. அங்கே எப்படி நடந்து கொள்வது?

முதலில் சிலுவை அடையாளம் போட்டுச் செபியுங்கள். நாலு பேர் பார்க்கிறார்களே என்று வெட்கப்பட வேண்டாம். அந்தச் செபத்தில் இலையிலுள்ள மீன் எங்கிருந்து வந்ததென்றும் நினைத்துக் கொள்ளுங்கள். நம் ஊருக்குக் கடல் இல்லை. நாம் பெருமை பாராட்டுகிற அர்ச். சூசையப்பர் கல்லூரி 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-ல் இங்கு வந்தது. பொன்மலை ரயில்வே தொழிற்சாலையும் நாகையிலிருந்தே 1928-ல் வந்தது. மீனும் அந்தப் பக்கத்துக் கடற்கரைகளிலிருந்துதான் ஐஸ் பெட்டியில் இரவோடிரவாக வந்து சேருகிறது. அதைப் பிடித்தவர்களில் பலர் அர்ச். பிரான்சிஸ்கு சவேரியார் 1542-ல் வந்து போதித்த கடற்கரையின் சந்ததியார், நம் ஞானச் சகோதரர். 2017-ம் ஆண்டு நவம்பர் கடைசியில் அடித்த ஒக்கிப் புயலில் கன்னியாகுமரிக் கரையிலிருந்து போன மீனவர் பலர் திரும்பவேயில்லை. அவர்களுடைய மனைவிமார் எத்தனை பேர் எதிர் இலை வெறுமையாய் இருக்க இன்றும் சாப்பிடுகிறார்கள்! உங்கள் எதிரே ஒருவர் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய உபகாரம் என்பதற்கு ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.

இரண்டாவது, கைப்பேசியைப் பையில் போட்டு மூடிவிடுங்கள். மேசைமேல் கவிழ்த்து வைப்பதும் போதாது. உங்களால் முடியாதென்றால் நண்டு வாங்கிக் கொள்ளுங்கள். நண்டு ஓட்டை உடைக்க இரண்டு கையும் வேண்டும். கைப்பேசியைத் தொட வழியிராது.

மூன்றாவது, “மீன் சாப்பிடும்போது பேசாதே, முள் குத்தும்” என்று சிறுவயதில் நம் பாட்டிமார் சொன்னதை ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். அவசரப்பட்டுப் பேசாதே என்பதுதான் அதன் கருத்து. முள்ளை எடுத்துவிட்டுச் சாப்பிடுகிறோம். வார்த்தையிலுள்ள முள்ளையும் எடுத்துவிட்டுப் பேச வேண்டும். ஊடல் சாப்பாட்டில் உப்பைப் போல அளவாயிருக்க வேண்டும் என்பது வள்ளுவருடைய கருத்து. ஆனால் சில தம்பதிகள் உப்பையே சோறாக உண்கிறார்கள். அந்த ஒரு மாலையிலாவது கடன், நிலம், பிள்ளையின் மதிப்பெண், உறவுக்காரர் செய்த குறை ஆகிய இவைகளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். “உனக்கு இப்போது என்ன கவலை? எதில் சந்தோஷம்? நான் என்ன செய்தால் உனக்கு இலகுவாயிருக்கும்?” என்று ஒருவரையொருவர் கேளுங்கள். குடும்பத்தில் அனுமதி கேட்கிற வார்த்தை, நன்றி சொல்கிற வார்த்தை, மன்னிப்புக் கேட்கிற வார்த்தை ஆகிய மூன்றும் குறையக் கூடாதென்று பாப்பரசர் பிரான்சிஸ் அடிக்கடி போதித்தார். மூன்றையும் ஒரே சாப்பாட்டில் சொல்லிப் பழகலாம்.

நான்காவது, பரிமாறுகிற பிள்ளைகளையும் மேசை துடைக்கிறவர்களையும் அதட்டாதீர்கள். மனைவியிடம் தேனாகப் பேசிவிட்டு, தண்ணீர் வைக்கத் தாமதித்த பையனிடம் சீறினால், அந்தத் தேன் எவ்வளவு நேரம் நிற்கும் என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

நாள் எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை வேண்டாம். அன்று மாமிசம் விலக்குவது நம் ஆண்டவருடைய பாடுகளை நினைத்துச் செய்கிற தவம். 1966-ம் ஆண்டில் பாப்பரசர் 6-ம் சின்னப்பர், சுத்தபோசனத்துக்குப் பதிலாக வேறு தவமுயற்சிகளை ஏற்படுத்த அந்தந்த நாட்டு மேற்றிராணிமாருக்கு இடங்கொடுத்தார். ஆனால் வெள்ளிக்கிழமை தவநாள் என்பது மாறவில்லை. கோழியை விட்டுவிட்டு அதைவிட மூன்று மடங்கு விலையில் இறால் தின்பதைத் தவமென்று சொல்ல முடியாது. தபசுகாலத்தில் ஓட்டல் விருந்தை நிறுத்தி, அந்தப் பணத்தை இருவருமாகச் சேர்ந்து ஏழைக்குக் கொடுங்கள். சேர்ந்து கொடுப்பதும் சேர்ந்து சாப்பிடுவதைப் போல உறவை வளர்க்கும்.

கடலுக்கே ஓய்வு கொடுக்கிறோம் என்பதை மறவாதீர்கள். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் மீன் பிடிக்கப் போவதில்லை. முன்பு 45 நாளாயிருந்த தடையை 2017-ம் ஆண்டிலிருந்து 61 நாளாக்கினார்கள். மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலத்தில் ஓயாமல் வலை வீசினால் கடலும் வறண்டு போகும். அவ்வளவு பெரிய கடலே அப்படியென்றால், வேலை, பிள்ளைகள், உறவினர், கடன் என்று நாலா பக்கமும் வலை வீசி வாரிக்கொண்டேயிருக்கிற உங்கள் இல்லறத்துக்கு ஓய்வு வேண்டாமா? வருடத்துக்கு 61 நாள் நான் கேட்கவில்லை. மாதத்துக்கு ஒரு மாலை கேட்கிறேன்.

கணவர் அரபு நாட்டிலோ சிங்கப்பூரிலோ வேலையிலிருக்கும் குடும்பங்கள் நம் பங்கில் இருக்கின்றன. நீங்கள் நேரத்தைக் குறித்துக் கொண்டு, அங்கே அவரும் இங்கே நீங்களுமாகத் தட்டை வைத்துக் கொண்டு கைப்பேசியில் பேசிக் கொண்டே சாப்பிடுங்கள். அன்றைக்கு மட்டும் அந்தக் கருவிக்கு மேசையில் இடமுண்டு. துணையை இழந்தவர்களே, உங்கள் மனம் நோகும்படி இதை நான் எழுதவில்லை. நீங்கள் சேர்ந்து சாப்பிட்ட ஒரு நாளை உங்கள் பிள்ளைக்கும் மருமகளுக்கும் சொல்லுங்கள். என் பிரசங்கத்தைவிட அது அவர்கள் மனத்தில் பதியும். படுக்கையில் கிடக்கிற மனைவிக்கு முள் எடுத்து ஊட்டுகிற கணவர்களும் இந்தப் பங்கில் உண்டென்பதை, நற்கருணை எடுத்துக் கொண்டு வீடுகளுக்கு வரும்போது கண்டிருக்கிறேன். அவர்கள் எந்தக் கடைக்கும் போக வேண்டியதில்லை. அவர்களுடைய கட்டிலருகே திபேரியாக் கடற்கரை இருக்கிறது.

ஆகவே, பிரியமானவர்களே, இந்த மாதம் முடியுமுன் ஒரு மாலையைக் குறியுங்கள். கணவன் முதலில் கேட்கட்டும்: “உனக்கு எந்த மீன் பிடிக்கும்?” பதில் தெரியுமென்று நினைக்கிறவர்களும் கேளுங்கள். நடுத்துண்டை அவள் இலையில் எடுத்து வையுங்கள். அர்ச். சின்னப்பர் எபேசியருக்கு எழுதிய நிருபத்தில், கிறீஸ்துநாதர் திருச்சபையை நேசித்ததுபோல மனைவியை நேசிக்கும்படி கணவருக்குக் கட்டளையிடுகிறார். கிறீஸ்துநாதர் திருச்சபைக்காகத் தம்மையே கொடுத்தார். நம்மால் முதலில் ஒரு மீன் துண்டையாவது கொடுக்க முடிந்தால், பிறகு மற்றதும் வரும்.

தோபியாசும் சாராளும் தங்கள் முதல் இரவில் படுக்கையைவிட்டு எழுந்து செபித்தபோது, தங்கள்மேல் இரக்கம் வேண்டுமென்றும், இருவரும் சேர்ந்தே முதுமையடைய வேண்டுமென்றும் கேட்டார்கள். ஆஸ்தி கேட்கவில்லை. சேர்ந்து முதுமையடைவது ஒரே நாளில் வந்துவிடுவதல்ல. ஒவ்வொரு பந்தியாக, ஒவ்வொரு மாலையாக வந்து சேர்வது. அன்று இரவு கடையிலிருந்து திரும்பியதும், கை கழுவிய பின் மீன் வாசனை விரல்களில் இருக்கும்போதே, இருவரும் பாத்திமைப் படத்துக்கு முன் முழந்தாளிட்டு அந்த வரத்தைக் கேளுங்கள். கானாவூர் கலியாணத்தில் இரசம் குறைந்ததை முதலில் கண்ட தேவமாதா, உங்கள் வீட்டில் எது குறைந்தாலும் தமது திருக்குமாரனிடம் சொல்வார்கள்.

சர்வேசுரன் உங்கள் இல்லறங்களையும் உங்கள் பந்திகளையும் ஆசீர்வதிப்பாராக.

ஆண்டவருக்குள் உங்கள்
பங்குக் குரு